அயலார் கோட்டை: டொனிகால் நாட்டின் நிலமும் பெயரும்



ஒரு நிலப்பகுதிக்குப் பெயர் இடுவோர் யாவர்? அங்கே வாழ்வோரா, அதனை வென்றோரா, அதனை அளந்தோரா, அதன் கரையோரமாகக் கலம் செலுத்திச் சென்றோரா? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுவோர்க்கு நல்லதோர் ஆய்வுக்களமாக அமைவது, அயர்லாந்துத் தீவின் வடமேற்கு மூலையில் அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கிக் கிடக்கும் டொனிகால் என்னும் கவுண்டி. கவுண்டி என்பது மாவட்டத்தை ஒத்ததோர் ஆட்சிப் பிரிவு. டொனிகால் என்னும் சொல் 'டூன் ந ங்கால்' என்னும் ஐரிஷ் மொழித் தொடரின் ஆங்கில வடிவம். 'டூன்' என்பது கோட்டை. 'கால்' என்பது அயலார். ஆக, அயலாரின் கோட்டை என்பது அப்பெயரின் பொருள். அவ்வயலார் கடல்வழி வந்த வைக்கிங்குகள் எனப் பொதுவாகக் கருதப்படுகின்றனர். தன்னைக் குறித்துப் பேச வேண்டிய பெயரே பிறரைக் குறித்துப் பேசும் நிலை அந்நாட்டுக்கு வாய்த்திருக்கிறது. அந்நிலை எவ்வாறு வந்தது, அதனால் விளைந்தவை யாவை என்பதை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

நிலமும் நீரும்

பெயரை அறியுமுன் நிலத்தை அறிதல் வேண்டும். முதற்பொருள் இன்றி உரிப்பொருள் இல்லை என்பது தமிழ் இலக்கணம் பயின்றோர் அறிந்தது.

அயர்லாந்தின் பழம்பெரும் மாகாணங்களுள் ஒன்றாகிய அல்ஸ்டர் ஒன்பது கவுண்டிகளைக் கொண்டது. அவற்றுள் பரப்பால் பெரியது டொனிகால். அதன் பரப்பு 4,861 சதுர கிலோமீட்டர். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 1,67,000. பெருநகர் என்று சொல்லத்தக்கது ஒன்றும் அங்கில்லை. பெரிய ஊர் லெட்டர்கென்னி. ஆட்சித் தலைமையிடமோ எல்லையோரத்து ஆற்றங்கரையில் உள்ள லிஃபர்ட் என்னும் சிற்றூர். கடலோ நிலத்தை நெடுகக் குடைந்து உள்ளே புகுந்திருக்கிறது. விரிகுடாக்களும் கழிமுகங்களும் முனைகளும் மாறிமாறி வருவதால் கடற்கரையின் நீளம் 1,100 கிலோமீட்டரைக் கடக்கிறது. லாக் ஸ்வில்லி, லாக் ஃபாயில் என்னும் இரு நீண்ட கடற்கால்களுக்கு இடையே இனிஷோவன் தீபகற்பம் நீட்டிக்கொண்டிருக்கிறது. மேற்கே வெண்படிகப் பாறையால் ஆன எரிகல் மலை 751 மீட்டர் உயரம் கூம்பென எழுந்து நிற்கிறது. தெற்கே ஷ்லீவ் லீக் மலை ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்திலிருந்து கடலுக்குள் சரிந்து இறங்குகிறது.

மேற்குக் கரை கருங்கல்லும் கரிச்சேற்று நிலமும் கலந்த வன்னிலம். 'பீட்' எனப்படும் அக்கரிச் சேற்றை வெட்டி உலர்த்தி அடுப்பெரித்தே தலைமுறைகள் வாழ்ந்தன. கிழக்கே லாகன் சமவெளி நல்ல விளைநிலம். பதினேழாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கொண்டுவந்து குடியேற்றப்பட்டோர் கையில் அவ்விளைநிலம் சேர்ந்தது. மேற்குக் கரையின் சிறுவர்கள் கூலிச் சந்தைகளில் விலை பேசப்பட்டு, ஆறு திங்கள் ஊழியத்துக்காக லாகனுக்குச் சென்றனர். வளர்ந்தபின் ஸ்காட்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களுக்குச் சென்றனர். கிளென்டீஸ் வட்டாரத்தில் பிறந்த பாட்ரிக் மக்கில் அவ்வாறு சென்று, பின்னர் அவ்வாழ்வையே 1914இல் நாவலாக எழுதியவர். நிலத்தின் இவ்விரு கூறும் மொழியின் இரு கூறாகவும் ஆயின. வளம் குன்றிய மேற்கில் ஐரிஷ் மொழி எஞ்சியது. வளம் மிக்க கிழக்கில் ஆங்கிலமும் ஸ்காட்லாந்து வழக்கும் ஊன்றின.

திசைப்பெயரிலும் ஒரு முரண் உண்டு. தீவின் வடகோடி முனை டொனிகாலைச் சேர்ந்த மாலின் முனை. ஆயினும் டொனிகால் 'வட அயர்லாந்'தில் இல்லை. 1921இல் தீவு பிரிக்கப்பட்டபோது அல்ஸ்டரின் ஆறு கவுண்டிகள் வட அயர்லாந்து என்னும் பெயரில் பிரித்தானியாவோடு நின்றன. டொனிகால், கேவன், மோனகன் ஆகிய மூன்றும் தெற்கோடு சேர்ந்தன. அதனால் 'தெற்கு' என்று வழங்கப்பெறும் நாட்டின் ஒரு பகுதி, 'வடக்கு' என்று வழங்கப்பெறும் நாட்டின் எப்பகுதிக்கும் வடக்கே கிடக்கிறது. டொனிகாலைத் தன் குடியரசோடு நிலவழி இணைப்பது தெற்கே உள்ள குறுகியதோர் எல்லை மட்டுமே. அரசியல் இட்ட பெயர் நிலநூலை வென்றதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இரண்டாம் உலகப் போரில் நடுநிலை வகித்த அயர்லாந்து, வானூர்திகள் தவறி வந்து குண்டு வீசாதிருக்கத் தன் பெயரையே கடற்கரையெங்கும் கற்களால் எழுதிவைத்தது. 'ஏரே' என்னும் அப்பெயர் மாலின் முனையில் இன்றும் காணக் கிடக்கிறது. நிலமே ஏடாக, கல்லே எழுத்தாக, உயிர்காக்கும் பொருட்டுப் பெயர் எழுதப்பட்ட இடம் அது.

பெயரின் அடுக்குகள்

ஐரிஷ் மொழி பேசுவோர் நாவில் இந்நாட்டுக்கு மற்றொரு பெயரும் உண்டு. அது 'டீர் ஹொனில்'. கொனலின் நாடு என்பது அதன் பொருள். ஒன்பது பிணையாளர்களின் நீயல் என்று மரபு போற்றும் வேந்தனின் மைந்தர் இருவர்: ஒருவன் கொனல், மற்றவன் ஓவன். கொனலின் வழியினர் ஆண்ட நாடு டீர் ஹொனில். ஓவனின் பெயர் இனிஷோவன் தீபகற்பத்திலும், கிழக்கே டிரோன் என்று ஆங்கிலத்தில் வழங்கும் 'டீர் ஓவன்' என்னும் நாட்டிலும் நிலைத்தது. மூதாதையின் பெயரால் நாட்டை அழைப்பது குடிவழி ஆட்சியின் இயல்பு. அங்கே நிலம் என்பது எல்லைக் கோட்டுக்குள் அடங்கிய பரப்பன்று. ஒரு குலத்தின் உறவு விரிந்த அளவே நிலம்.

இந்நாட்டை நெடுங்காலம் ஆண்டோர் ஓ'டொனல் மரபினர். 1585இல் ஆங்கில ஆட்சி இதனைக் கவுண்டியாக வரையறுத்தபோது, குலத்தின் பெயரை விடுத்து, கோட்டையும் அங்காடியும் அமைந்த ஊரின் பெயரை நாடு முழுமைக்கும் சூட்டிற்று. அதற்கு 22 ஆண்டுகள் கழித்து, 1607 செப்டம்பரில், ஓ'டொனல், ஓ'நீல் தலைவர்கள் லாக் ஸ்வில்லிக் கரையிலுள்ள ராத்மல்லனிலிருந்து கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றனர். அவர்கள் மீளவில்லை. தலைவர்கள் அகன்றனர், நிலம் பறிமுதலாயிற்று, குடியேற்றம் தொடங்கிற்று. கொனலின் பெயர் ஆவணத்திலிருந்து நீங்கி வாய்மொழியில் மட்டும் தங்கிற்று.

விடுதலைக்குப் பின் பழம்பெயரை மீட்க ஒரு முயற்சி நடந்தது. 1922இல் கவுண்டி மன்றம் 'டீர் ஹொனில்' என்னும் பெயரை ஏற்றது. 1927இல் அம்முடிவைக் கைவிட்டது. இம்மீட்சியில் நுண்ணியதோர் இடர் உண்டு. இனிஷோவன் ஓவனின் நாடு. பழைய டீர் ஹொனிலுக்குள் அது இயல்பாக அடங்காது. கொனலின் பெயரை நாடு முழுமைக்கும் விரித்தால் ஓவனின் பெயர் மறையும். அயலார் இட்ட பெயரோ எவரையும் தனித்துக் குறியாமையால் எல்லோரையும் ஒருங்கே தழுவிக்கொண்டது. பழம்பெயரை மீட்பது எப்போதும் நீதியாகவே முடியும் என்று கருதுவோர் இங்கே சற்று நின்று எண்ணுதல் நன்று. ஒவ்வொரு மீட்சியும் எவரையேனும் புறத்தே நிறுத்தக் கூடும்.

ஊர்ப்பெயர்ச் சொற்கள்

சிறு பெயர்களை நோக்கினால் நிலமே வாய்திறந்து பேசுவதைக் காணலாம். ஆங்கில எழுத்தில் பொருளற்ற ஒலிக்கூட்டமாகத் தோன்றும் பெயர்கள், ஐரிஷ் வடிவில் வைத்து நோக்கினால் தெளிந்த பொருள் தருகின்றன. 'பன்' என்பது ஆற்றின் கடைவாய். பன்பெக் என்பது சிறு முகத்துவாரம். 'ஆர்ட்' என்பது மேடு. ஆர்டரா என்பது மண்கோட்டை மேடு. கிளென்டீஸ் என்பது பள்ளத்தாக்குகள். அயர்லாந்தின் மிகப் பெரிய மீன்பிடித் துறைமுகமாகிய கில்லிபெக்ஸ் என்னும் பெயருக்குச் சிறு கோயில்கள் என்று பொருள். துறவியர் வாழ்ந்த குடில்களின் நினைவு அது. போர்ட்சலன் என்பது உப்புத்துறை. அறுதிக் கடல்முனை ஒன்று 'க்னொக் ஃபோலா', அதாவது குருதிக் குன்று எனப்படும். மாலைக் கதிர் படும்போது அதன் பாறைகள் செந்நிறம் கொள்வதை இப்பெயரோடு இயைத்துச் சொல்வர்.

க்வீடோர் என்னும் பெயர் தனியே கருதத்தக்கது. அதன் முதற்சொல்லாகிய 'க்வீ' இன்றைய ஐரிஷ் மொழியில் காற்றைக் குறிக்கும் சொல்லோடு ஒலியால் ஒன்று. அட்லாண்டிக் காற்று ஓயாது வீசும் நாடு ஆதலின் காற்று என்றே பொருள் கொள்ளத் தோன்றும். ஆனால் ஊர்ப்பெயரில் அச்சொல்லுக்குக் கடல் உட்புகும் கழிமுகம் என்று பொருள். பின்னுள்ள 'டோர்' நீரைக் குறிக்கும் பழஞ்சொல். அது அங்குள்ள ஆற்றின் பெயராயிற்று. பேச்சு வழக்கில் மறைந்த பொருளை ஊர்ப்பெயர் காத்துவைத்திருக்கிறது. ஊர்ப்பெயர் அகராதிக்கும் மூத்தது என்று சொல்வது மிகையன்று.

ஆண்டோரின் கையெழுத்தும் பெயர்களில் உண்டு. 'ஆல்ட் அன் ஹொரான்' என்னும் கடற்கரையூர் ஆங்கிலத்தில் பர்ட்டன்போர்ட் ஆயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே துறை அமைத்த வில்லியம் பர்ட்டன் கனிங்ஹம் என்னும் நிலவுடைமையாளரின் பெயர் அது. அவரே எதிரிலிருந்த தீவில் ஹெர்ரிங் மீன் தொழிலுக்கென ஒரு நிலையம் எழுப்பினார். 'இனிஷ் விக் அன் டொர்ன்' என்று வழங்கிய அத்தீவு, அன்று அயர்லாந்தில் அரசப் பேராளராக இருந்த ரட்லண்ட் கோமகனின் பெயரை ஏற்றது. மீன் வரத்துக் குன்றிற்று, நிலையம் பாழாயிற்று, பெயர் மட்டும் வரைபடத்தில் நிலைத்தது. மில்ஃபர்ட் என்று ஆங்கிலத்தில் சுட்டப்படும் ஊருக்கு ஐரிஷ் மொழியில் 'அயல் வீரர்களின் ஊர்' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த கூலிப்படையினரை அது குறிக்கும். அயலார் என்னும் அதே 'கால்' என்னும் சொல் இங்கும் வந்து நிற்கிறது. டங்லோ என்னும் ஊருக்கோ ஐரிஷ் பெயர் வேறு, ஆங்கிலப் பெயருக்கு மூலமான ஐரிஷ் பெயர் வேறு. ஓர் ஊருக்கு இரு பெயர் என்பது ஒன்றன் மொழிபெயர்ப்பு மற்றொன்று என்று எப்போதும் ஆகாது என்பதை இவை காட்டுகின்றன.

செவியின் மயக்கம்

இவ்விடத்தில் சொல்லாராய்ச்சியில் ஈடுபாடு கொண்ட தமிழ் அன்பர்க்கு ஓர் எச்சரிக்கை கூறல் தகும். எரிகல் என்னும் மலைப்பெயரைக் கேட்டவுடன் தமிழ்ச் செவி 'எரி', 'கல்' எனப் பிரித்துப் பொருள் கொள்ளும். மலையும் கல்லாக, மாலையில் செந்நிறமும் கொள்ளுமாயின் ஐயமே எழாது. ஆனால் அம்மலைப்பெயர்க்கு வழிபாட்டுக் கூடம் என்றே அறிஞர் பொருள் கூறுவர். இலத்தீன் மொழியிலிருந்து சமயத்தோடு வந்த சொல் அது. அவ்வாறே டொனிகாலின் மேட்டு நிலப் பெயர்கள் பலவற்றில் 'மீன்' என்னும் முன்சொல் வருகிறது. கடற்கரை நாடு ஆதலின் மீன் என்றே கொள்ளலாம் போலும்! உண்மையில் அச்சொல் கரடுமுரடான மலைச்சரிவின் நடுவே அமைந்த மென்மையான புல்தரையைக் குறிக்கும். 'மீன் அன் ஈரெ' என்பது இடையனின் புல்தரை.

இம்மயக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. டொனிகாலின் கடலில் டோரி என்னும் தீவு உள்ளது. பிரித்தானிய அரசியற் கட்சியின் 'டோரி' என்னும் பெயர் அத்தீவிலிருந்து வந்தது என எண்ணுவோர் உண்டு. அக்கட்சிப் பெயர் கொள்ளையர், தலைமறைந்தோர் என்னும் பொருள் தரும் வேறோர் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒத்தால் உறவு என்று துணிவது சொல்லுக்கும் நன்று செய்யாது. உறவுக்கும் நன்று செய்யாது. அயல் நாட்டின் பெயர்களிலெல்லாம் தன் மொழியைக் காண விழைவது, பட்டாளத்தார் தம் பெயரை அயல் நிலத்தில் இட்டுச் சென்றதற்கு ஒப்பான மற்றொரு வகைப் பற்றுகையே.

அளந்தோர் கையில்

1824இல் அயர்லாந்து முழுமையையும் ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்னும் அளவில் வரைபடமாக்கும் பணி தொடங்கிற்று. வரி விதிப்பை ஒழுங்குபடுத்துவது அதன் உடனடி நோக்கம். அதற்கு 'டவுன்லண்ட்' எனப்படும் சிற்றூர்ப் பிரிவுகளின் எல்லையும் பெயரும் துல்லியமாகத் தெரிய வேண்டியிருந்தது. அத்தகைய பிரிவுகள் தீவு முழுவதிலும் 60,000க்கு மேல் உள்ளன. தாமஸ் கோல்பி என்னும் படைத்துறைப் பொறியாளர் பணியை நடத்தினார். அடிக்கோட்டை அளப்பதற்கு, வெப்பத்தால் நீளம் மாறாதவாறு இரு உலோகங்களை இணைத்து அமைத்த கோல்களை அவர் வடிவமைத்தார். டொனிகாலின் கிழக்கெல்லையில் உள்ள லாக் ஃபாயில் கடற்காலின் மறுகரையில் ஏறத்தாழ 8 மைல் நீளமுள்ள அடிக்கோடு 1827, 1828 ஆண்டுகளில் அளக்கப்பட்டது.

இந்தியாவின் பெரும் முக்கோண அளவை 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டனால் தொடங்கப்பட்டது. அதன் பிற்காலத் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்ட், விடுப்பில் இருந்தபோது அயர்லாந்து அளவைப் பணியைக் கண்டு, கோல்பியின் கோல்களை ஒத்தவற்றை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். லாக் ஃபாயில் கரையை அளந்த முறையே இந்திய நிலத்தையும் அளந்தது. அவர் பெயர் இன்று உலகின் மிகவுயர்ந்த மலைக்குப் பெயர். அளந்தோர் பெயரை அளக்கப்பட்ட நிலம் சுமந்து நிற்பதற்கு அதனினும் உயர்ந்த சான்று இல்லை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல்லும் அதே அல்ஸ்டர் மாகாணத்தின் ஆன்ட்ரிம் கவுண்டியில் 1814இல் பிறந்தவர் என்பதும் நினைக்கத்தக்கது.

அயர்லாந்தின் அளவைப் பணியில் பெயர்களை ஆராயும் பொறுப்பு ஜான் ஓ'டோனவன் என்னும் ஐரிஷ் மொழி அறிஞரிடம் வந்தது. 1806இல் பிறந்த அவர், 1835இல் டொனிகாலில் ஊர் ஊராக நடந்து முதியோரை வினவினார். பழைய ஆவணங்களில் ஒரு பெயர் எவ்வெவ்வாறு எழுதப்பட்டுள்ளது, மக்கள் அதனை எவ்வாறு ஒலிக்கின்றனர், அதன் பொருள் யாது என்பனவற்றையெல்லாம் பெயரேடுகளில் குறித்தார். இறுதியில் வரைபடத்தில் அச்சிடத்தக்க ஓர் ஆங்கில எழுத்து வடிவத்தைப் பரிந்துரைத்தார். அவர் தலைமையகத்துக்கு எழுதிய கடிதங்கள் இன்று நாட்டுப்புற வரலாற்றுக் கருவூலங்களாக மதிக்கப்படுகின்றன. பெயர்களைச் சிதைத்த பணியும், அவற்றின் மூல வடிவை வருங்காலத்துக்கெனக் காத்த பணியும் ஒன்றே. அவ்விரண்டும் ஒரே மனிதரின் பேனாவிலிருந்து பிறந்தன. அவர் அம்மொழியின் மைந்தர் என்பது இதில் துயரமா ஆறுதலா என்று எளிதில் அறுதியிட இயலாது.

அதன்பின் நிகழ்ந்தவை வேகமானவை. 1831இல் தொடங்கிய தேசியப் பள்ளி முறை ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாகக் கொண்டது. 1845இல் உருளைக்கிழங்கு நோயால் பெரும்பஞ்சம் மூண்டது. ஐரிஷ் பேசியோர் இலட்சக்கணக்கில் மாண்டனர். எஞ்சியோருள் பலர் கடல் கடந்தனர். 1861 ஏப்ரலில் டெரிவே என்னும் டொனிகால் மலைநாட்டிலிருந்து 244 பேரை ஜான் ஜார்ஜ் அடேர் என்னும் நிலவுடைமையாளர் வீடிடித்து வெளியேற்றினார். வரைபடத்தில் பெயர்கள் இருந்தன. அப்பெயர்களைச் சொல்லி அழைக்க ஆள் இல்லை. பெயர் பிழைப்பது வேறு, அதனைச் சொல்லும் நா பிழைப்பது வேறு.

அரங்கில் ஏறிய பெயர்கள்

இவ்வரலாற்றை இலக்கியமாக்கியவர் பிரையன் ஃப்ரீல். டிரோனில் 1929இல் பிறந்து, டொனிகாலில் வாழ்ந்து, 2015இல் அங்கேயே மறைந்தவர். மொழிபெயர்ப்புகள் என்று பொருள்படும் தலைப்புடைய அவரது நாடகம் 1980 செப்டம்பர் 23 அன்று டெரி நகரில் முதன்முதலாக அரங்கேறிற்று. 1833இல் டொனிகாலின் கற்பனைச் சிற்றூர் ஒன்றில் நிகழ்வது கதை. ஊர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியரின் மகன் ஓவன், ஆங்கிலப் படை அதிகாரி யோலண்டுக்குத் துணையாக இருந்து பெயர்களை மாற்றி எழுதுகிறான். ஓர் உரையாடல் மறக்கவொண்ணாதது. பிரையன் என்பவனின் பெயர் தாங்கிய கிணறு ஒன்று. அவன் அதன் நீரால் தன் நோய் தீருமென நம்பி வந்து, அதிலேயே மாண்டவன். கிணறு வறண்டு நெடுநாளாயிற்று, பெயரும் உருத்திரிந்துவிட்டது, கதையை அறிந்தவன் ஓவன் ஒருவனே. அப்பெயரை வைத்திருப்பதா விடுப்பதா என்று அவன் வினவுகிறான். வைத்திருக்க வேண்டும் என்கிறான் அயலானாகிய யோலண்ட்.

நாடகத்தில் வரும் ஊரார் ஐரிஷ் பேசுகின்றனர் என்று பார்ப்போர் கொள்ள வேண்டும். அரங்கில் ஒலிப்பதோ ஆங்கிலம். ஐரிஷ் மொழியை இழந்த துயரை ஐரிஷ் மொழியில் சொன்னால் பெரும்பாலோர்க்கு விளங்காது என்னும் நிலையே அந்நாடகத்தின் உள்ளுறை.

வரலாற்றறிஞர்கள் இந்நாடகத்தில் குறை கண்டனர். அளவையாளர்கள் ஊர்ப்பெயர்களைப் பெரும்பாலும் மொழிபெயர்க்கவில்லை, முன்னரே வழங்கிய ஆங்கில வடிவங்களை ஒழுங்குபடுத்தினர் என்றனர். ஃப்ரீலுக்குத் தூண்டுதலாக இருந்த நூல்களுள் ஒன்றை 1975இல் எழுதிய ஜே. எச். ஆண்ட்ரூஸ் போன்றோரும் இவ்வேறுபாட்டைச் சுட்டினர். இக்குறை சரியானதே. ஆனால் ஆவணம் சொல்வது பெயரின் எழுத்து மாறிய கதை. நாடகம் சொல்வது பெயரின் பொருள் மறந்த கதை. முன்னது நூற்றாண்டுகள் பலவற்றில் மெல்ல நடந்தது. பின்னது ஒரு குடும்பத்தில் ஒரே தலைமுறையில் நடந்துவிடும்.

சட்டமும் பலகையும்

இன்று டொனிகாலின் மேற்குக் கரையில் க்வீடோர், ரோசஸ் முதலிய பகுதிகள் 'கேல்டக்ட்' எனப்படும் ஐரிஷ் மொழி வட்டாரங்கள். சேமஸ் ஓ கிரியனா, ஷோசவ் மக் கிரியனா என்னும் உடன்பிறந்த எழுத்தாளர் இருவரை ஐரிஷ் உரைநடைக்கு அளித்தது ரோசஸ் பகுதியின் ரானஃபாஸ்ட் என்னும் சிற்றூர். ஊர்ப்பெயர் ஆணையம் 1946இல் அமைந்தது. 2003ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின் வழி 2004இல் ஆணை பிறந்து, 2005 மார்ச் முதல் கேல்டக்ட் பகுதிகளில் ஊர்ப்பெயரின் ஐரிஷ் வடிவமே சட்டப்படி செல்லும் என்றாயிற்று. அங்குள்ள வழிகாட்டிப் பலகைகளில் ஐரிஷ் பெயர் மட்டுமே உள்ளது. பிற பகுதிகளில் இரு மொழியும் உண்டு. ஐரிஷ் பெயர் சாய்வெழுத்தில் மேலேயும் ஆங்கிலப் பெயர் தலைப்பெழுத்தில் கீழேயும் நிற்கும்.

இது வெற்றியே. ஆயினும் பலகையில் மீண்ட பெயர் நாவில் மீண்டதா என்பது வேறு வினா. சட்டம் பெயரைத் திருத்தலாம். பேச வைத்தல் அதற்கு அரிது. தொழில் தேடி இளையோர் அகலும் ஊரில், பிழையற எழுதிய பெயர்ப்பலகை எவரை வரவேற்கும்? 1960களில் கோலா என்னும் தீவின் குடிகள் கரைக்குப் பெயர்ந்தனர். ஃபெலிமி என்பவனின் சிறு படகு அத்தீவுக்குச் சென்றதைச் சொல்லும் பாட்டை மட்டும் அயர்லாந்தின் பள்ளிச் சிறார் இன்றும் பாடுகின்றனர். குடிகள் நீங்கிய தீவின் பெயரைச் சட்டமன்று, பாட்டே காத்தது.

கவிஞர்க்கு உரியது

இடைக்கால அயர்லாந்தில் 'டின்ஷனகஸ்' என்றொரு நூல்வகை இருந்தது. இடங்களின் பெயர்க் காரணத்தைச் செய்யுளாலும் உரையாலும் சொல்வது அது. அக்காலப் புலவர்க்கு அது கட்டாயப் பயிற்சி. ஒரு மலையையோ துறையையோ சுட்டினால் அதன் கதையைச் சொல்லத் தெரியாதவர் புலவராகக் கருதப்பெறார். அக்கதைகளுள் பல, மொழிநூல் நோக்கில் பிழையானவை; பெயரிலிருந்து புனைந்தவை. ஆயினும் அவை நிலத்தையும் மனிதரையும் பிணித்தன. அறிஞர் தேடுவது பெயரின் மெய்ப்பொருள். புலவர் காப்பது பெயரோடு மனிதர் கொண்ட உறவு. இரண்டையும் ஒன்றென மயங்கினால் இரண்டும் கெடும். ஒன்றை விடுத்து ஒன்றைக் கொண்டாலும் குறையே மிஞ்சும்.

வரைபடத்தில் ஏறிய பெயர்கள் சிலவே. வயல் ஒவ்வொன்றுக்கும், கடலோரப் பாறை ஒவ்வொன்றுக்கும், மீன் படும் ஒவ்வோரிடத்துக்கும் டொனிகால் மக்கள் பெயர் வைத்திருந்தனர். கரையில் உள்ள இரு குன்றுகளை ஒரே நேர்க்கோட்டில் கண்டு, கடலில் தாம் நிற்கும் இடத்தை அறிந்தனர். அப்பெயர்கள் எந்த அளவையாளரின் ஏட்டிலும் முழுமையாக இல்லை. அவற்றை அறிந்த முதியோர் ஒருவர் மறையும்போது, ஆவணம் எதிலும் பதிவாகாத ஓர் இழப்பு நிகழ்கிறது. 2008இல் இணையத்தில் வெளிவந்த அயர்லாந்து ஊர்ப்பெயர்த் தரவுத்தளம் அரும்பணி ஆற்றி வருகிறது. ஆயினும் கேட்டு எழுத ஆள் செல்லாத வரை, சொல்ல ஆள் இருக்கும்போதே செல்லாத வரை, அதனாலும் பயன் நிரம்பாது.

அயலார் கோட்டை என்னும் பெயரைத் தாங்கிய நாடு, தன் மொழியின் கடைசிக் கோட்டைகளுள் ஒன்றாக ஆனது வரலாற்றின் விந்தை. அங்கே மொழியைக் காத்தவை அரண்களும் அல்ல, ஆணைகளும் அல்ல. வளமற்ற மண்ணில் நின்று, புல்தரையைப் புல்தரை என்றும் உப்புத்துறையை உப்புத்துறை என்றும் சொல்லிவந்த எளிய மாந்தரின் நாவே. பெயரைப் பிறர் இடலாம், பிறர் அளக்கலாம், பிறர் அச்சிடலாம். ஆனால் தன் ஊரின் பெயருக்குப் பொருள் கேட்கும் குழந்தைக்கு விடை சொல்லும் கடமையைப் பிறர் ஏற்க மாட்டார். அவ்விடை அறிந்தோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது கவிஞர்க்கும் உரிய பணி. பத்தாண்டுகளாகச் சொல்லைப் போற்றி வரும் இவ்வட்டம் அப்பணியையும் தன் பணியாகக் கொள்ளுமாயின் அது தக்கதே.